குறை ஐந்து

காட்டாற்று மடுவின் கரையில் வஞ்சி என்றொரு நீர்நாய் தன் இரண்டு பெண்குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. மூத்தவள் நுரை. இளையவள் பாசி.

மடுவை ஒட்டி உயரமான பாறை ஒன்று நின்றது. ஆண்டாண்டாகத் தண்ணீர் ஏறியும் இறங்கியும் அதன் மேல் வரிவரியாகக் கறை படிந்திருந்தது. நடு வரிக்குச் சுழி என்று பெயர். மழைக்காலத்தில் தண்ணீர் சுழிக்கு மேலே ஏறும். அதை மிகை ஒன்று, மிகை இரண்டு என்பார்கள். கோடையில் சுழிக்குக் கீழே இறங்கும். அது குறை ஒன்று, குறை இரண்டு.

பாறை உச்சியிலிருந்து மடுவில் குதிப்பதுதான் நீர்நாய்க் குட்டிகளுக்கு உலகத்திலேயே பெரிய இன்பம். ஆனால் அடியில் ஒரு கூர்க்கல் கிடந்தது. தண்ணீர் குறை இரண்டுக்குக் கீழே போய்விட்டால் யாரும் குதிக்கக்கூடாது. நீர்மட்டம் எந்த வரியில் நிற்கிறது என்று காலைதோறும் மீன்கொத்தி கிளையிலிருந்து கூவிச் சொல்லும்.

குட்டிகளுக்கு இந்தக் கணக்குப் புரிய வேண்டுமே என்று வஞ்சி ஒரு சீட்டாட்டம் கண்டுபிடித்தது. பூவரசிலைகள்தான் சீட்டு. பல்லால் ஓட்டை போட்டால் அதுவே எண். பச்சை இலை வந்தால் ஓட்டைக்கு ஒரு கோடு மேலே போக வேண்டும். பழுத்த இலை வந்தால் கீழே இறங்க வேண்டும். பாறையில் இருப்பது போலவே மணலில் கோடு கீறி, நடுவே சுழியில் நின்று ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஆளுக்கு நான்கு சீட்டு. கடைசியில் யார் மேலே நிற்கிறாரோ அவருக்கே வெற்றி.

சீட்டுகள் மரப்பொந்துக்குள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும்.

“தடவிப் பார்த்து எடுக்காதே, அழுகுணி” என்றாள் நுரை.

“நான் ஒண்ணும் தடவலை. கை வழுக்குது” என்றாள் பாசி.

வழுக்கிய கைக்கு வந்ததெல்லாம் பழுத்த இலைகளே. பாசி இறங்கி, இறங்கி, குறை ஆறில் போய் நின்றாள். நுரை மிகை இரண்டில் நின்று வாலை ஆட்டினாள். பாசிக்கு உதடு பிதுங்கியது. பிறகு ஓவென்று அழுதாள். மீனைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வஞ்சிக்கு மனம் தாங்கவில்லை.

“எதுக்கு அழறே என் கண்ணு? நீ நிக்கிறது ஆறு. அக்கா நிக்கிறது ரெண்டு. ஆறுதானே பெரிசு? நீதான் ஜெயிச்சே.”

“அம்மா, அது கீழே ஆறு!”

“சும்மா இருடி. சின்னவ அழறாள்ல?”

பாசி அழுகையை நிறுத்தினாள். மீனையும் தின்றாள். அன்று மாலையே வஞ்சி பழுத்த இலைகளையெல்லாம் பொறுக்கி ஆற்றுமணலில் புதைத்துவிட்டது.

மறுநாள் முதல் பச்சை இலைகள் மட்டுமே வந்தன. நான்கு நாள் ஆடியபின் நுரை சலித்துப்போய் எழுந்துவிட்டாள். “இது ஆட்டமே இல்லேம்மா. எதை எடுத்தாலும் மேலேதான் போறோம்.” பாசி மட்டும் தனியாக ஆடி, தினமும் ஜெயித்தாள்.

கோடை வந்தது. மடு குறை ஒன்றுக்கு இறங்கியது. குட்டிகள் ஆசைதீரக் குதித்தன. பிறகு பத்து நாள் அனல்காற்று விடாமல் அடித்தது.

ஒரு காலை, வஞ்சியும் நுரையும் ஆற்றின் மேல்பக்கம் மீன் தேடிப் போயிருந்தார்கள். மீன்கொத்தி கூவியது. “குறை ஐந்து! குறை ஐந்து!”

பாசி பாறை மேல் ஏறத் தொடங்கினாள்.

“எங்கே பாப்பா போறே?” என்றது மீன்கொத்தி.

“குதிக்கத்தான். அன்னிக்கு ஒண்ணுக்கே குதிச்சோம். இன்னிக்கு அஞ்சு ஆயிடுச்சே மாமா.”

“அடி, அது குறை ஐந்து!”

“அதுதான் நானும் சொல்றேன். அஞ்சு பெரிசு. எங்கம்மா சொல்லியிருக்கா.”

மீன்கொத்தி சிறகை விரித்துக் குறுக்கே பாய்வதற்குள் பாசி தாவிவிட்டாள்.

வஞ்சி திரும்பி வந்தபோது பாசி கரையில் கிடந்தாள். பின்னங்கால் மடங்கிக் கிடந்தது. மீன்கொத்தி நடந்ததைச் சொன்னது. “எங்கம்மா சொல்லியிருக்கா” என்று பாசி சொன்னதையும் சேர்த்துச் சொன்னது. வஞ்சிக்கு அதுவே வலித்தது.

உயிருக்குப் பழுதில்லை. முறிந்த எலும்பு ஒட்டியது, ஆனால் கோணலாக ஒட்டியது. இனி ஓடும் நீரில் மீனைத் துரத்திப் பிடிப்பது பாசிக்கு நடக்காத காரியம். வஞ்சியும் நுரையுமே அவளுக்காக மீன் பிடித்தார்கள். ஒவ்வொரு மீனையும் அவள் முன்னால் வைக்கும்போது வஞ்சிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. விட்டிருந்தால் ஒரு நாழிகையில் நின்றிருக்கும் அழுகை அது.

மழை தொடங்கும் முன் வஞ்சி மணலைத் தோண்டிப் பார்த்தது. புதைத்த இலைகளில் நரம்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. புதிதாகப் பழுத்து விழுந்தவற்றைப் பொறுக்கி, ஓட்டை போட்டு, பொந்துக்குள் பச்சையோடு கலந்து வைத்தது.

பாசி கண்ணை மூடிக் கைவிட்டாள். பழுத்த இலை. மூன்று ஓட்டை. அவள் இலையைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“கீழேதாம்மா?”

“கீழேதான் கண்ணு. மூணு கோடு.”

“அப்போ நான் தோத்துக்கிட்டிருக்கேனா?”

“ஆமாம்” என்றது வஞ்சி.

பாசி அழவில்லை. கோணல் காலை இழுத்து இழுத்து, ஒவ்வொரு கோடாக இறங்கிப் போய்க் குறை மூன்றில் நின்றாள். வஞ்சிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குழந்தை அழக்கூடாதே என்று குறையை நிறையாகச் சொல்லிவைத்தால், அந்தப் பொய்க்கான விலையைப் பின்னால் குழந்தைதான் கொடுக்க வேண்டியிருக்கும்.