ஐந்தாவது கோல்

ஸ்காபரோவில் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹொக்கி பழக்குகிற சுலக்சனாவுக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் பாடம் கேட்க வந்த பத்மசீலனுக்கு ஐம்பத்தொன்று. வந்தவர் ஹொக்கி மட்டையைத் தொட்டதுகூட இல்லை. பெரிய அணிகள் மோதும்போது இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கோல் விழும் என்று பந்தயம் கட்டுவதுதான் அவருடைய விளையாட்டு.

"ரீச்சர், ரெண்டு மாசமா ஒண்டும் சரிவரேல்லை. அஞ்சரை கோலுக்கு மேலை எண்டு கட்டினால் அஞ்சிலை நிக்குது. கீழை எண்டு கட்டினால் ஆறு விழுகுது. சரியாக் கணிக்க எனக்கு ஒருக்காப் பழக்கிவிடுங்கோ."

"அந்த அரைக் கோலை ஆர் அண்ணை அடிக்கிறது?"

"சிரிக்காதேங்கோ ரீச்சர். பிழைச்ச நாளிலை எனக்குச் சோறு இறங்காது. வீட்டிலை ஒருத்தரோடையும் கதைக்க மாட்டன்."

"மகளோடையும்?"

"அவளோடையும்தான்."

மகள் அபிராவுக்குப் பத்து வயது. சுலக்சனாவின் அணியில் கோல் காப்பவள் அவள்தான். அவளோடும் கதைப்பதில்லை என்று சொல்லும்போது பத்மசீலன் கொஞ்சம் வெட்கப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மனுசன் கெட்டவரில்லை.

சுலக்சனா யோசித்தார்.

"தெரியாத ஆக்களை ஏன் கணிக்கிறியள்? சனிக்கிழமை எங்கடை பிள்ளையளின்ரை ஆட்டம். எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். எத்தினை கோல் எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ. பந்தயம் வேண்டாம். ஒருத்தருக்கும் சொல்லவும் வேண்டாம்."

பத்மசீலன் ஒரு கிழமை முழுக்க மண்டையைப் போட்டு உடைத்து, ஐந்து என்று எழுதினார். எழுதியவருக்கு வாய் சும்மா கிடக்கவில்லை. சனிக்கிழமை காரில் வரும்போது மகளிடமே சொல்லிவிட்டார்.

"ரெண்டு பக்கமும் சேத்து அஞ்சு, பிள்ளை. இதாவது சரிவருதோ பாப்பம்."

அபிரா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. முடிய அரை நிமிடம்கூட இல்லை. எதிரணிப் பிள்ளை ஒருத்தி தூரத்திலிருந்து தட்டிவிட்ட வட்டு மெல்ல வழுக்கிக்கொண்டு வந்தது. அபிரா அது வருவதை நன்றாகவே பார்த்தாள். காலைக் கொஞ்சம் விலக்கினாள். வட்டு உள்ளே போனது.

"அஞ்சு! ரீச்சர், நான் எழுதினனான்!"

பத்மசீலன் துள்ளி எழுந்து கை தட்டினார். பக்கத்திலிருந்த தாய் தகப்பன்மார் திரும்பி முறைத்தார்கள். தோற்றது தன் மகளின் அணி என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அபிரா தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். முகம் முழுக்க வியர்வை. ரீச்சரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்பா, சரிவந்திட்டுதுதானே?"

"ஓம் பிள்ளை."

"அப்ப இண்டைக்கு என்னோடை கதைப்பீங்கள்தானே?"

பத்மசீலன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவளுடைய மார்புக் கவசம் குறுக்கே முட்டியது. முட்டினாலும் விடவில்லை.

"கதைப்பன் குஞ்சு. கதைப்பன்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு ரீச்சரின் ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ரீச்சர், நான் இனி என்ன பழகிறது?"

சுலக்சனா பக்கத்திலிருந்த மர வாங்கைக் காட்டினார்.

"பிள்ளையை இதிலை இருத்தி, சப்பாத்தைக் கழட்டி விடுங்கோ அண்ணை. கால் விறைச்சுப் போயிருக்கும். அந்தச் சப்பாத்துக் கயிறு அவளுக்குத் தனியக் கழட்ட ஏலாது. இவ்வளவு நாளும் நான்தான் கழட்டி விடுறனான்."