எண்ணெய்க்கு விலை கட்டிய மகாராஜா

கடலுக்கு அணை கட்டியவர்கள் உண்டு. மலையைக் கயிறு கட்டி இழுத்தவர்களும் உண்டாம். ஆனால் முன்பு ஒரு காலத்தில் வாழ்ந்த கொற்றவர்மன் என்ற மகாராஜா செய்த காரியத்தை ஈரேழு பதினான்கு உலகத்திலும் எவரும் செய்ததில்லை. அவர் எண்ணெயின் விலையையே கட்டிப்போட்டார். கட்டிய வாரமே எண்ணெய் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டது.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை மகாராஜா உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய மணையில் உட்கார்ந்திருந்தார். தேய்த்துவிட்டவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நாழி எண்ணெய் ஒரு பணம் விக்குது மகாராஜா. ஏழை தலையெல்லாம் காஞ்சு கெடக்கு."

அந்த நேரம் மகாராஜாவின் கண்ணில் எண்ணெய் இறங்கியது. கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற கருவூல அதிகாரி குலசிங்கர் அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளே கடைவீதியில் கல் நட்டார்கள். 'இந்நாட்டில் எண்ணெய் வைத்திருப்போர் யாராயினும், கேட்டவர்க்கு நாழி அரைப் பணத்துக்கு விற்க வேண்டும். மறுத்தால் சவுக்கடி.' மகாராஜாவுக்கு 'எண்ணெய் வள்ளல்' என்று பட்டம் சூட்டினார்கள். ஆணையைக் குறை சொல்பவன் நாக்கை அறுப்பது என்றும் குலசிங்கர் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

அரைப் பணத்துக்கு எள்ளே கிடைக்காது. அக்கரை நாட்டிலோ நாழி இரண்டு பணம். எண்ணெய்க் குடங்கள் படகேறின. துறையில் காவல் போட்டார்கள். காவலர்களின் தலை பளபளத்ததுதான் மிச்சம். குடங்கள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு, தினமும் சுமப்பானேன் என்று செக்குகளே போயின, மாடுகள் போயின, வாணியத் தெருவே போய்விட்டது. உழவர்கள் எள் விதைப்பதை விட்டுக் கொள்ளு விதைத்தார்கள்.

அரண்மனை விகடகவி கூத்தபிரானின் வீடு அந்த வாணியத் தெருவில்தான் இருந்தது. அவன் மனைவி வடிவாயி செக்காட்டும் வீட்டுப் பெண். அண்ணன்மாரோடு அவளும் மூட்டை கட்டினாள்.

"நீயும் வாய்யா."

"நான் வந்துட்டா மகாராஜாவுக்குச் சிரிப்புக் காட்டறது யாரு?"

"அதான் கல்லு நட்டிருக்காரே, ஊரே சிரிக்குது. நீ வேற எதுக்கு?"

"எப்ப திரும்பி வருவே?"

"செக்கு இங்க சுத்துற அன்னிக்கு" என்று சொல்லிவிட்டுப் படகேறினாள்.

சபையில் அவன் வாயைத் திறந்தால் நூறு பேர் சிரித்தார்கள். வீட்டில் ஓர் இலை, ஒரு செம்பு. செக்குச் சத்தம் காதைத் துளைக்கிறது என்று எத்தனையோ நாள் அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறான். இப்போது மத்தியானங்களில் படுத்தபடியே காலால் கதவை ஆட்டி, அது கிரீச்சிடும் சத்தத்தில் கண்ணயர்ந்தான். தனியாக இருக்கிறேன், ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று படகுக்காரனிடம் பலமுறை சொல்லி அனுப்பினான். வேலை இருக்கிறது என்றே பதில் வந்தது.

அரண்மனைக்கும் எண்ணெய் தீர்ந்தது. குலசிங்கர் அக்கரையிலிருந்து படகுக்கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்து நாழி மூன்று பணத்துக்கு வரவழைத்தார்.

"வெளிநாட்டுச் சரக்கு, மகாராஜா! வாசனையைப் பாருங்கள். அடியில் படிந்திருப்பது அக்கரைச் சந்தனத் தூள். கன்னத்தில் பூசினால் இளமை திரும்பும்."

மகாராஜா தினமும் பூசிக்கொண்டார். ஈக்கள் அவரை விடவில்லை.

கார்த்திகை நெருங்கியது. கூத்தபிரான் மேல் வெகுநாளாகப் பொறாமை கொண்டிருந்த குலசிங்கர் சபையில் எழுந்தார்.

"மகாராஜாவின் விலையாணையைப் பற்றி நம் விகடகவி இதுவரை ஒரு வார்த்தை புகழவில்லையே?"

கூத்தபிரான் வாயைப் பொத்திக்கொண்டான். "எனக்கு இருப்பது ஒரே நாக்கு, மகாராஜா. சோற்றுக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது."

மகாராஜா முகம் சிவந்தார். "அப்படியானால் வாயால் பேச வேண்டாம். கார்த்திகை அன்று நம் நாட்டு எண்ணெய் ஒரு நாழி, கல்லில் உள்ள விலைக்கே வாங்கி வந்து எம் ஆணையின் பெருமையைக் காட்டு. முடியாவிட்டால் இந்தச் சபைக்கு வராதே."

குலசிங்கர் மீசையைத் தடவினார். நாடு முழுக்கத் தேடினாலும் ஒரு சொட்டுக் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

கார்த்திகை அன்று காலை கூத்தபிரான் சிறு செம்போடு சபைக்குள் வந்தான். நேரே குலசிங்கர் முன் நின்று அரைப் பணத்தை நீட்டினான்.

"ஐயா, ஒரு நாழி எண்ணெய்."

"உனக்குப் பைத்தியமா? இது மூன்று பணத்துக்கு வாங்கியது!"

"எண்ணெய் வைத்திருப்போர் யாராயினும் என்றுதான் கல்லில் இருக்கிறது. இந்த நாட்டில் எண்ணெய் வைத்திருப்பவர் தாங்கள் ஒருவரே. சவுக்கைக் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

குலசிங்கர் மகாராஜாவைப் பார்த்தார். மகாராஜா கூரையைப் பார்த்தார். குலசிங்கர் எண்ணெய்க் குடத்தை வரவழைத்து அளந்து ஊற்றினார்.

"விலை சரி. ஆனால் இது வெளிநாட்டு எண்ணெய்!" என்று பல்லைக் கடித்தார்.

கூத்தபிரான் குடத்தின் அடியில் விரலை விட்டு வழித்து மகாராஜாவிடம் நீட்டினான். "சுவைத்துப் பாருங்கள், மகாராஜா."

"இனிக்கிறதே!"

"எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவது நம் வாணியர் வழக்கம். அக்கரையில் பனையே கிடையாது. அவர்கள் வெறும் எள்ளைத்தான் ஆட்டுவார்கள். நம் ஆள், நம் செக்கு, நம் கருப்பட்டி. தாங்கள் கன்னத்தில் பூசியது கருப்பட்டிக் கசடு."

மகாராஜா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஓர் ஈ பறந்தது.

வெளியே ஒரே சத்தம். வாசல் கொள்ளாத கூட்டம், ஆளுக்கொரு பாத்திரத்தோடு நின்றது. அரண்மனையில் நாழி அரைப் பணம் என்று கூத்தபிரான் இரு கரையிலும் சொல்லி அனுப்பியிருந்தான். வரிசையில் முதல் ஆளாக, எல்லாரையும்விடப் பெரிய குடத்தோடு வடிவாயி நின்றாள். எத்தனையோ முறை கூப்பிட்டும் வராதவள் இதற்கு முதல் படகிலேயே வந்துவிட்டாள்.

"பெண்ணே, இவ்வளவு எண்ணெய் உனக்கு எதற்கு?" என்றார் மகாராஜா.

"அக்கரையில ரெண்டு பணத்துக்கு விக்கத்தான் சாமி. அப்புறம் உங்க ஐயாவே மூணு பணம் குடுத்து வாங்கிக்குவாரு. எங்களுக்குச் செக்காட்டுற வேலை மிச்சம்."

"துறையில் காவல் இருக்கிறதே?"

"அவங்க தலையை நீங்க பாக்கலையா?"

மகாராஜா முதலில் குலசிங்கரைப் பார்த்தார். பிறகு தன் கன்னத்தைத் துடைத்த விரலைப் பார்த்தார். அதன் பிறகு சிரிக்கத் தொடங்கினார். கிரீடம் நழுவி மடியில் விழும்வரை சிரித்தார். கல்லைப் பிடுங்கித் துணி துவைக்கப் போட்டார்கள். எண்ணெயை அதன் விலைக்கு விற்கலாம் என்று பறை அறைந்தார்கள். கூத்தபிரானுக்குப் பட்டுச் சால்வையும் ஒரு குடம் எண்ணெயும் பரிசு. அந்தக் குடத்தை அவன் வீடுவரை குலசிங்கர் தலையில் சுமக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

கூத்தபிரான் சால்வையோடு துறைக்கு ஓடினான். வடிவாயி காலிக் குடத்தோடு படகில் உட்கார்ந்திருந்தாள்.

"கல்லைப் புடுங்கியாச்சு வடிவு. வீட்டுக்கு வா."

"கல்லைப் புடுங்க எவ்வளவு நேரமாகும்? காடு பூராக் கொள்ளு நிக்குதுய்யா. எள்ளு விதைக்கணும், அது விளையணும். வெறும் செக்கைச் சுத்தவா வரச் சொல்றே?"

"அப்ப எப்ப?"

"அடுத்த வெள்ளாமைக்குப் பாக்கலாம். சால்வை நல்லாருக்கு. அழுக்காக்கிறாதே."

படகு நகர்ந்தது.

பொழுது சாய்ந்தது. அரண்மனை மாடத்திலும், அக்கரை நெடுகிலும் விளக்குகள் தெரிந்தன. கூத்தபிரான் ஆளில்லாத தெருவில் தன் வீட்டு வாசலைப் பெருக்கி, அகலைத் துடைத்து வைத்து, பரிசுக் குடத்திலிருந்து எண்ணெய் ஊற்றினான். உள்ளேயிருந்து பழைய வேட்டித் துணியையும் கிழித்துக்கொண்டு வந்தான்.

அவனுக்குத் திரி திரிக்கத் தெரியாது.