நேராக வெட்டிய மணியாறு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மணியாறு பாய்கிற சீமையை வில்லவராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் எது வளைந்திருந்தாலும் அவருக்குப் பிடிக்காது. வாழைப்பழத்தைக்கூட நிமிர்த்திக் கொண்டுவா என்பார்.

அவருடைய ஒரே மகள் வஞ்சி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். முன்னே இரண்டு கரு தங்கவில்லை. அதனால் கரைகாத்த அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: வெள்ளிதோறும் படித்துறை மீன்களுக்குப் பொரி போட்டு, அவை தின்ற பிறகுதான் தான் சாப்பிடுவது என்று.

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த மல்லப்பர் ஒருநாள் சபையில் சொன்னார்: "மகாராஜா, ஆறு பாம்பு மாதிரி நெளிகிறதே. நேராக வெட்டி, அடியில் கிடக்கிற கூழாங்கல்லையும் அள்ளிவிடலாம். கல்லை அரண்மனை முற்றத்தில் பதிக்கலாம்."

மந்திரி அம்பலவாணர் பதறினார். "வேண்டாம் மகாராஜா. வளைவில்தான் தண்ணீர் வேகம் தணியும். கல்லிடுக்கில்தான் மீன் முட்டையிடும்."

"மந்திரியாருக்கு மீன் வீட்டில்தான் சம்பந்தமோ?" என்றார் மல்லப்பர். சபை சிரித்தது. ஆற்றை நேராக வெட்டி, அள்ளிய கல்லை முற்றத்தில் பதித்தார்கள்.

தண்ணீர் பிடித்துத் தள்ளினாற்போல ஓடியது. கரையை அரித்தது. அரித்த மண்ணெல்லாம் படித்துறை அடியில் வந்து படிந்தது. மீன் குறைந்தது. ஒரு வெள்ளி உச்சிவேளைவரை வஞ்சி பசியோடு காத்திருந்தாள். அடுத்த வெள்ளி விளக்கு வைக்கிறவரை. அதற்கடுத்த வெள்ளி உச்சி சாய்ந்தும் ஒரு மீன்கூட வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி முகம் வெளுத்துப்போனது. மகாராணியோ அம்மன் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"எல்லாம் மந்திரியின் கரிநாக்கு" என்றார் மல்லப்பர்.

ராஜாவுக்குப் பயத்தில் கோபம் வந்தது. "அம்பலவாணரே, பொழுது சாய்வதற்குள் மீன் வராவிட்டால் நீர் நாட்டைவிட்டே போகலாம்."

"சரி மகாராஜா. அதற்கு முன்னால், மல்லப்பர் ஆற்றைச் சீர்செய்த முறைப்படியே இளவரசியின் பேறுகால அறையை நான் சீர்செய்ய உத்தரவு கொடுங்கள்."

மகள் நினைப்பில் ராஜா தலையசைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அறையை எட்டிப் பார்த்தவர் திகைத்து நின்றார். எதிரெதிர்க் கதவுகளைக் கழற்றியிருந்தார்கள். காற்று அலறிக்கொண்டு ஓடியது. மெத்தையைக் காணோம். தரையெல்லாம் கூடைகூடையாக மண்.

"இதில் எப்படி ஐயா என் மகள் பிள்ளை பெறுவாள்?"

"கோணல் இல்லை, தடங்கல் இல்லை மகாராஜா. காற்று எவ்வளவு நேராக ஓடுகிறது பாருங்கள்" என்றார் அம்பலவாணர்.

"விளையாடுகிறீரா? மெத்தை எங்கே?"

"முற்றத்தில் போட்டிருக்கிறேன். மீனின் மெத்தைக்குப் பக்கத்தில்."

ராஜா முற்றத்தைப் பார்த்தார். தாம் தினமும் மிதித்து நடக்கிற கூழாங்கற்களைப் பார்த்தார். குரல் இறங்கிப்போனது. "மீனெல்லாம் செத்துவிட்டதா?"

"பழைய வளைவின் மடுவில் ஒதுங்கியிருக்கும். அதை அடைத்த மண்ணை வெட்டிவிட்டால் வரும். மற்றது மெல்லத்தான் சரியாகும்."

உடனே வெட்டினார்கள். ராஜாவே பொரிக்கூடையைப் பிடித்துக்கொண்டு மகளோடு படியில் நின்றார். கலங்கல் தண்ணீரில் பொரி சும்மாவே மிதந்து போனது. வெயில் மரத்தலைக்கு ஏறியது.

ஒரு பொரி காணாமல்போனது. பிறகு இன்னொன்று. பிறகு தண்ணீரெங்கும் சின்னச் சின்ன வாய்கள்.

வஞ்சி அங்கேயே உட்கார்ந்து, மகாராணி உருட்டிக் கொடுத்த தயிர்ச்சோற்றை வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள்.

ராஜா தம் முத்துமாலையை அம்பலவாணருக்குப் போட்டார். மல்லப்பர் முற்றத்துக் கல்லையெல்லாம் பெயர்த்துத் தலையில் சுமந்து ஆற்றில் சேர்த்தார். "வீசாதீர், மெல்ல வையும்" என்று கரையில் நின்று சொன்னார் மந்திரி.

அம்மன் புண்ணியத்தில் பேரன் பிறந்தான். சுருண்டு தூங்கிய பிள்ளையின் காலை மருத்துவச்சி நீட்டிவிடப் போனாள்.

ராஜா அவசரமாகக் கையைத் தடுத்தார். "இருக்கட்டும் அம்மா. நிமிர்த்தாதே."