நாற்பதாம் பாகத்துக்கு ஓர் எதிரி

"அவனைக் கொன்னுடலாமா குருவே?" என்று கேட்டார் அருள்நம்பி.

ஜெசிந்தா நிமிரவில்லை. யாரோ மறந்துவிட்டுப் போன குடையின் கைப்பிடியில் அடையாளச் சீட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரை சார்?"

"தாண்டவனை."

அவள் முடிச்சை இறுக்கினாள்.

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், டீக்கடையை ஒட்டி இருக்கிறது அந்த அறை. பயணிகள் பஸ்ஸில் தவறவிடும் சாமான்களெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவளைக் குருவே என்று கூப்பிடும் எழுத்தாளருக்கு அறுபத்தொன்று. இருபத்தெட்டாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதியைத் தொலைத்துவிட்டு அவர் இங்கே வந்து பதறியபோது, அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிரதி கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் சீடராகிவிட்டார். அதில் அவளுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்கவே இல்லை.

தாண்டவன் அவருடைய கதாநாயகன். சென்னையில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஊரார் கண்ணில் படாத பேயும் பூதமும் அவன் கண்ணில் படும். வருஷத்துக்கு இரண்டு பாகம் என்று இருபது வருஷமாக வந்துகொண்டிருக்கிறான். மேம்பாலத்தின் கீழே குடியிருந்த பூதத்தை அடக்கினான். லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த மோகினியைத் துரத்தினான். கூவத்து நாகத்தை அதன் ஏழு தலையோடும் கட்டிப்போட்டான். முப்பத்தொன்பதாம் பாகத்தில், ஊரை விழுங்க வந்த கடலைக் கையமர்த்தித் திருப்பி அனுப்பினான்.

வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

"கடலுக்கு மேல ஒரு எதிரிக்கு நான் எங்க போவேன்?" என்றார். "அடுத்து என்ன, சூரியனா? எமனைக்கூட இருபத்தொண்ணுலயே ஜெயிச்சாச்சு. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"சூரியன்லாம் எங்கிட்ட வராது சார். குடை, செருப்பு, டிபன் பாக்ஸ்தான் வரும்."

"விளையாடாதீங்க."

"அதுக்காகக் கொல்லணுமா?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. எழுத உக்காந்தா கொட்டாவி வருது. இருபது வருஷமா கூடவே இருந்தவன். அவன் போயிட்டா காலைல எந்திரிச்சு என்ன பண்ணுவேன்னு தெரியல. ஆனா உயிரில்லாதவனை எத்தனை நாளைக்கு லாரில உக்கார வச்சு ஓட்டறது?"

பதிப்பாளர் ஆறு மணிக்குப் பதில் கேட்டிருந்தார். லாரி தீப்பிடித்து எரியும் அட்டைப்படம் ஏற்கெனவே தயார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தாண்டவன் கதை முடிந்தது.

மணி இப்போதே ஐந்தரை.

ஜெசிந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு தச்சர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"பையை விட்டுட்டேம்மா. என் உளி, இழைப்புளி எல்லாம் அதுலதான்."

"எங்க எறங்குனீங்க?"

"பச்சை கலர் பை. ஒரு காது அறுந்து..."

"என்ன பைன்னு கேக்கல. எங்க எறங்குனீங்க?"

தச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "கிண்டி. இல்ல, இல்ல... கைக்குழந்தையோட ஒரு அம்மா ஏறுனாங்க. எந்திரிச்சு எடம் குடுத்தேன். அப்ப பை அவங்க கால்கிட்டயே... சின்னமலைம்மா! அங்கதான் எறங்குனேன்."

அவள் உள்ளே போய்ப் பையோடு வந்தாள். நூலில் கட்டித் தொங்கிய பேனாவால் தச்சர் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

அருள்நம்பி இதைப் பலமுறை பார்த்திருக்கிறார். அவரிடமும் அன்றைக்கு அவள் இதைத்தான் கேட்டாள்.

"எனக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

"நீங்க எங்க எறங்குனீங்க சார்?"

"நான் ஆட்டோல வந்தேன்."

ஜெசிந்தா பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினாள். அதில் ஒரு வரிசை முழுக்கத் தாண்டவன்.

"இவ்வளவுமா பஸ்ல விட்டுட்டுப் போயிருக்காங்க?"

"உங்க புக்குதான் சார் ஜாஸ்தி வரும். கூட்டம் இல்லாதப்ப படிப்பேன்."

அவருக்குச் சுருக்கென்றது.

அவள் புதுச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதி, மேசைமேல் அவர் பக்கம் தள்ளினாள். எதிரியின் பெயர்தான் என்று அவர் ஆசையாகக் கண்ணாடியை மாட்டினார்.

*தவறவிட்டது: பெண், ஒன்று. கையில் காலிக் குடம்.*

*இடம்: சைதாப்பேட்டை, பாலத்துக்குப் பக்கத்தில் தெருக்குழாய்.*

*மூன்றாம் பாகம், பக்கம் 62.*

"யாரு இது?"

"தாகத்தோட செத்துப்போன பொண்ணு சார். ஒரு குடம் தண்ணி கெடச்சா போயிடுவேன்னு தாண்டவன்கிட்ட கேட்டா. அன்னிக்கு லாரி காலி. 'இங்கயே இரு, ரொப்பிக்கினு இதோ வந்துடறேன்'னு சொன்னான்."

அருள்நம்பிக்கு ஞாபகம் வந்தது. அடுத்த பக்கத்தில் மேம்பாலத்துப் பூதம் வந்துவிட்டது. நல்ல பூதம். துரத்தல் மட்டுமே இருபது பக்கம் ஓடியது. அப்புறம் நான்காம் பாகம், ஐந்தாம் பாகம். அவளைப் பற்றி ஒரு வாசகர்கூடக் கடிதம் போட்டதில்லை. அவரும் நினைத்ததில்லை. இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

"அவ பேர் என்ன?"

"நீங்க வைக்கலயே."

அவர் சீட்டை மறுபடி படித்தார்.

"இன்னும் அங்கயேவா நிப்பா?"

"இருக்கச் சொன்னானே சார்."

"இருபது வருஷம் ஆச்சும்மா. அவன் எந்த முகத்தோட அவ முன்னாடி போய் நிப்பான்? அவ கேட்டா என்னன்னு பதில் சொல்லுவான்?"

கேட்கும்போதே அவருக்குப் பயமாக இருந்தது. தாண்டவனுக்காக அவர் பயந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. பதிப்பாளர்.

"அவளை எடுத்துக்கறதா இருந்தா சீட்டுல கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள் ஜெசிந்தா.

ஃபோன் அடித்து ஓய்ந்தது. அவர் நூலோடு பேனாவை இழுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எழுதினார்.

*தாண்டவன் லாரியைத் திருப்பினான்.*