யானையின் முழங்காலும் எலியின் வீடும்

"வெள்ளம் வரும் முன்னே எவன் ஒருவன்..." என்று காட்டு நிவாரணச் சங்கக் கூட்டத்தில் ஆமைப் பெரியவர் ஏதோ சொன்னார். பேச்சு இரண்டு நாள் நீண்டதால் பாதிக்கு மேல் யாருக்கும் நினைவில்லை. உடனே சங்கம் தீர்மானம் போட்டது: இனி நிபுணர்கள் ஒரே நிமிடம், வீடியோவில் மட்டும் பேச வேண்டும்.

சுற்றுலா ஜீப்பிலிருந்து விழுந்த செல்போன் ஒன்று சங்கத்திடம் இருந்தது. குரங்கு படம் பிடித்தது. வெள்ள நிபுணரான யானை பேசியது: "தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் வீட்டைக் காலி செய்யுங்கள். அதுவரை பதற வேண்டாம்."

காடே பாராட்டியது. யானை தன் வீடியோவைத் தினமும் நாலு தடவை பார்த்தது.

ஐப்பசியில் ஆறு பெருகியது. கரையோர வளையில் எலியம்மாவுக்குக் கண் திறக்காத ஆறு குட்டிகள்.

"கிளம்பிடலாமா? என் வயிறு வரைக்கும் வந்துடுச்சு" என்றது கணவன் எலி.

"உங்க வயித்தை யாரு கேட்டா? வீடியோவுல காட்டினது யானை ஐயா முழங்கால். போய் விசாரிச்சுட்டு வாங்க."

கரை மருதமரத்தடியில்தான் சங்கம். கணவன் எலி நீந்திப் போனது. செயலாளர் முள்ளம்பன்றி வீடியோவைப் போட்டுக் காட்டியது.

"யார் முழங்கால்னு இதுல சொல்லலையே, ஐயா?"

"சரியாப் பார்த்திருக்க மாட்டீர்." மறுபடி போட்டது. பிறகு மறுபடியும்.

"யானை ஐயாவே இங்கதானே நிக்கிறார்? ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"வீடியோ ஓடும்போது நிபுணரைத் தொந்தரவு செய்யக் கூடாது. சங்க விதி."

யானையும் வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "நல்ல கருத்து" என்று தலையாட்டியது. பிறகு தன் காலைப் பார்த்தது. தண்ணீர் நகத்தைத்தான் நனைத்திருந்தது.

"நேரம் இருக்கு, தம்பி. பதறாதே."

அப்போது எலியம்மா ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து யானையின் கால்மேல் ஏறியது. குட்டியை அங்கே வைத்தது.

"மீதி அஞ்சும் உள்ளே மிதக்குது, ஐயா. என் முழங்கால் எங்க இருக்குன்னு கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

யானை மண்டியிட்டது. முழங்காலைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் எழுந்தது. துதிக்கையால் எலி வளையின் மேல்மண்ணைப் பெயர்த்து, ஐந்து குட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தலைமேல் வைத்தது. கடைசிக் குட்டி மட்டும் அசையவில்லை. யானை மெல்ல ஊதியது. குட்டி தும்மியது.

"வீடியோ முடிஞ்சுது. இப்போ கேள்வி இருந்தா கேட்கலாம்" என்றது முள்ளம்பன்றி.

தன் உடம்பை அளவாக வைத்து ஊருக்குப் புத்தி சொன்னால், சிறியவர்கள் மூழ்கிப்போவார்கள்.

அடுத்த வீடியோவில் எலியம்மா பேசுவது, போனைத் தான் பிடித்துக்கொள்வது என்று யானை முடிவு செய்தது.