மிச்ச வாயு

“எனக்கு அழுகையே வரல, மேடம்.”

ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றபடியே சொன்னான் நல்லசிவம்.

பேராசிரியர் ஜமீலா நிமிர்ந்து பார்த்தார். பாறைகளைப் பற்றி அவன் கற்றதெல்லாம் அவரிடம்தான். அவன் மனைவி தமயந்தியும் அதே வகுப்பு. அவள் இறந்து ஒரு மழைக்காலம் கடந்திருந்தது.

“உள்ள வாப்பா.”

“காரியத்தன்னைக்கு எல்லாரும் அழுதாங்க. நான் வந்தவங்களுக்கு நாற்காலி போட்டுக்கிட்டிருந்தேன். அவ புடவை மடிச்சது மடிச்சபடி இருக்கு. தினமும் பார்க்கிறேன். உள்ள ஒண்ணுமே அசையல.”

மேசைமேல் காற்றுப் புகாத இரும்பு உருளை ஒன்று இருந்தது. ஜமீலா அதைத் திறந்து உள்ளங்கை அகலக் கறுப்புக் கல்லை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“என்ன இது?”

“ஷேல். களிமண் பாறை.”

“எப்படி உண்டாச்சு?”

இதையா இப்போது கேட்பது என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் பழைய மாணவன் வாய் திறந்தான்.

“பழைய கடல். செத்த பாசியும் நுண்ணுயிரும் அடியில சேத்தோட படிஞ்சது. அங்க காத்து படல, அதனால முழுசா மக்கல. மேல மேல மண்ணு விழுந்து ஆழத்துக்குப் போச்சு. பாரத்துல சேறு பாறையாச்சு. உள்ளயிருந்த உயிர்ச்சத்து சூட்டுல வெந்து எண்ணெயாச்சு, வாயுவாச்சு.”

“வாயு எங்க போச்சு?”

“கொஞ்சம் மேல ஏறி மணற்பாறைக்குப் போயிடும். மிச்சம் இதுக்குள்ளயே தங்கிடும்.”

“ஏன் தங்குது?”

பதில் சொல்ல வந்தவன் நின்றான்.

“அன்னைக்கும் இதையேதான் கேட்டீங்க.”

“யார் பதில் சொன்னது?”

“அவதான். கடைசி பெஞ்ச்லருந்து. ‘உள்ள வீடு வீடா இருக்கு மேடம், தெருதான் இல்ல’ன்னா.”

அன்று வகுப்பே சிரித்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி ஜமீலாவும் சிரித்தார். வெளியே தகரக் கூரையில் மழை. யாரென்று நல்லசிவம் திரும்பிப் பார்த்தான். பாவாடை ஓரமெல்லாம் வழியில் தெறித்த செம்மண்ணோடு, தான் சொன்னதில் என்ன தப்பு என்று விழித்துக்கொண்டு நின்றாள் அவள்.

அதுதான் அவன் அவளை முதன்முதலாகப் பார்த்தது.

“துளை துளையா இருக்கு, ஒண்ணுக்கொண்ணு வழியில்ல. அதத்தான் அப்படிச் சொன்னா. அந்தப் பதிலுக்கு முழு மார்க் போட்டேன்,” என்றார் ஜமீலா.

“தெரியும். கல்யாணமான பிறகும் சொல்லிக் காட்டுவா.”

ஜமீலா காலியான உருளையை முன்னால் இழுத்தார்.

“இந்தக் கல்லை வாயுக் கிணத்துலருந்து எடுத்ததும் இந்த உருளையில போட்டு மூடினோம்,” என்றார் ஜமீலா. “முதல்ல தானா வாயு விட்டுச்சு. அப்புறம் குறைஞ்சுது. இப்ப ஒரு குமிழிகூட இல்ல.”

“தீர்ந்துபோயிருக்கும்.”

“தீர்ந்துபோச்சா?”

அவன் கல்லைப் புரட்டினான்.

“இல்ல மேடம். மிச்சம் இருக்கும். அரைச்சாத்தான் வரும்.”

சொல்லி முடிக்கும்போது குரல் தேய்ந்துவிட்டது.

ஜமீலா கல்லை வாங்கினார். இரும்புக் குண்டுகள் கிடந்த கலத்தில் போட்டு இறுக மூடி, அரைக்கும் இயந்திரத்தில் பொருத்தினார். பிறகு ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ச் சாத்தினார்.

“இது ஓடினா இந்த அறையில என்ன சத்தம் போட்டாலும் வெளிய கேக்காது.”

நல்லசிவம் அவரைப் பார்த்தான்.

“நான் வெளிய நிக்கிறேன்,” என்றார் அவர். சுவிட்சைப் போட்டார்.

குண்டுகள் உருண்டன. கட்டடமே அதிர்ந்தது.

ஜமீலா கதவைச் சாத்திவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றார்.

தாழ்வாரத்தில் வந்த சக பேராசிரியர் காதைப் பொத்திக்கொண்டார்.

“இன்னுமா அரையல?” என்று கத்தினார்.

“நேரமாகும்,” என்றார் ஜமீலா. “நீங்க போங்க.”