பசங்களுக்குக் கிரவுண்டு

ரெஜினா டீச்சர்கிட்ட படிச்சு, பின்னாடி அதே பள்ளிக்கூடத்துக்கு சயின்ஸ் வாத்தியாரா வந்து சேந்தவரு தணிகைவேல். டீச்சர் இப்போ ஹெட்மிஸ்ட்ரஸ், பசங்களுக்குப் 'பெரிய டீச்சர்'. இவருக்கு மீசை நரைக்க ஆரம்பிச்சாச்சு. ஆனாலும் அவங்க ரூமுக்குள்ள போனா, வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரிதான் கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு.

ஒன்பதாவதுல தாய்ப்பால் பத்தி ஒரு பாடம். அது வந்தாலே தணிகைவேல் கூச்சத்துல புஸ்தகத்த மூடிடுவாரு.

"பொண்ணுங்கல்லாம் தையல் ரூமுக்குப் போங்க. பெரிய டீச்சர் வருவாங்க. பசங்களா..."

கொஞ்சம் நிறுத்துவாரு. பசங்க மூச்சப் புடிச்சுக்கிட்டு இருப்பானுங்க.

"கிரவுண்டு!"

விசிலு பறக்கும். அடுத்த நிமிஷம் கிளாஸ்ல ஈ காக்கா இருக்காது.

ஒரு தடவை டீச்சர் கூப்பிட்டுக் கேட்டாங்க. "தணிகை, பசங்களையும் உக்கார வையேன்."

"சிரிப்பானுங்க டீச்சர்."

"சிரிக்கட்டுமே. நீகூடத்தான் சிரிச்ச."

"அவனுங்களுக்கு எதுக்கு டீச்சர்? அவனுங்களா பால் குடுக்கப் போறானுங்க?"

டீச்சர் பீரோ சாவிய எடுத்து நீட்டினாங்க.

"பந்து உள்ள இருக்கு. எடுத்துக்கோ."

வருஷங்க ஓடுச்சு. ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பரணி வந்தான். பழைய ஸ்டூடண்ட். கூடப் படிச்ச கயலையே கட்டிக்கிட்டவன். வாயெல்லாம் பல்லு.

"சார், பொண்ணு பொறந்திருக்கா! கெளம்புங்க. நீங்கதான் சேனை வைக்கணும்."

பொறந்த குழந்தை நாக்குல மொத மொதல்ல சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கிறதுதான் சேனை. வைக்கிறவங்க குணம் குழந்தைக்கு வரும்னு சொல்லுவாங்க. தணிகைவேலுக்கு உச்சி குளுந்துபோச்சு.

"நானாடா? வேற ஆளே கெடைக்கலியா?"

"உங்க அறிவு வரணும் சார் எம் பொண்ணுக்கு. நேத்து காலையில பொறந்தா. நீங்க லீவுல ஊருக்குப் போயிட்டீங்கன்னாங்க. சார் வர்றவரைக்கும் நாக்குல ஒரு சொட்டு படக்கூடாதுன்னு அம்மா கண்டிஷனா சொல்லிடுச்சு."

தணிகைவேல் சிரிப்பு பாதியில நின்னுது.

"ஒரு சொட்டுன்னா... பாலு?"

"மஞ்சளா வந்துச்சு சார். கெட்ட பாலு, பீச்சி ஊத்துன்னுச்சு அம்மா. நான்தான் கிண்ணம் புடிச்சேன்."

"ஏன்டா, உங்க வீட்டு மாடு கன்னு போட்டா சொம்பு நெறைய சீம்பால் கொண்டாந்து குடுப்பியே, அது மஞ்சளா இல்ல?"

"அது மாடு சார்."

"நர்ஸ் கேக்கலியா?"

"கேட்டாங்க. குடுத்தாச்சுன்னு சொல்லிட்டோம்."

தணிகைவேல் வண்டி சாவியத் தேடினாரு. சாவி கையிலயே இருந்துச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போனா, குழந்தை அழல. அழறதுக்குத் தெம்பில்ல. தொவண்டு கெடந்துச்சு. தணிகைவேல் சொன்னதும் நர்ஸ் ஓடி வந்து தூக்கிக்கிட்டு உள்ள போனாங்க. பரணியோட அம்மா சர்க்கரைத் தண்ணிக் கிண்ணத்தோட ஓரமா நின்னாங்க. யாரும் அதப் பாக்கல.

கயல் கட்டில்ல உக்காந்திருந்தா. தணிகைவேலப் பாத்ததும் எழுந்திருக்கப் பாத்தா.

"உக்காரும்மா. உனக்குமா தெரியாது? பெரிய டீச்சர் நடத்தினாங்களே."

"தெரியும் சார். அந்த மஞ்சப் பாலுதான் மொதல்ல குடுக்கணும், ஆறு மாசம் வேற ஒண்ணும் கூடாது, தண்ணிகூட... டீச்சர் சொன்னத அப்படியே சொன்னேன்."

"அப்புறம்?"

"'நாலு புள்ள பெத்த எங்கம்மாவவிட உனக்குத் தெரியுமா'ன்னு அதட்டினாரு."

கதவோரம் நின்ன பரணி தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

"அவரத் திட்டாதீங்க சார். அன்னைக்கு அவரு கிரவுண்டுல இருந்தாரு."

தணிகைவேலால அங்க நிக்க முடியல, கெளம்பிட்டாரு.

பொழுது சாயற நேரம் பரணி போன் பண்ணினான். "டிரிப்ஸ் ஏறுது சார். பொழச்சுக்கும்னுதான் டாக்டர் சொல்றாரு. பாலு ஊற இன்னும் நாளாகுமாம்... பீச்சி ஊத்துனேனே சார், இந்தக் கையாலதான் புடிச்சேன்." போன வச்சுட்டான்.

மறுநாள் காலையில தணிகைவேல் டீச்சர் ரூமுக்குப் போனாரு. நடந்ததெல்லாம் சொன்னாரு.

"அந்தப் பாடம் அடுத்த வாரம் வருது டீச்சர். இந்தத் தடவை எல்லாரையும் ஒண்ணா உக்கார வைக்கிறேன். சிரிச்சாலும் பரவால்ல."

"சரி."

"அன்னைக்கே நீங்க சொன்னதக் கேட்டிருந்தா... இன்னைக்குக் குழந்தையப் பாக்கப் போறேன். வெறுங்கையோட எப்படிப் போறது? எத எடுத்துட்டுப் போகட்டும் டீச்சர்?"

டீச்சர் எழுந்து பீரோவத் தொறந்தாங்க. பந்த எடுத்தாங்க. முந்தானையால தூசியத் தொடச்சாங்க. தணிகைவேல் ரெண்டு கையிலயும் வச்சாங்க.

"என்ன டீச்சர் இது?"

"அந்தக் குழந்தைக்குன்னு அன்னைக்கு அவங்கப்பன்கிட்ட நீ குடுத்தனுப்பினது."